பிரெக்டின் நாடகத்தை மேடைக்குக் கொண்டுவருதல்: ‘மதர் கரேஜ்’ வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்தைப் போடலாம் என்று முடிவெடுக்கும் குழுக்கள் பல, முதல் நாளே அட்டை எழுத உட்கார்ந்துவிடுகின்றன. காட்சித் தலைப்பு எழுதிய அட்டை, பார்வையாளரை நேராகப் பார்த்துப் பேசும் நடிகர், மறைக்காமல் தொங்கும் விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் பிரெக்ட் வந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. வரமாட்டார். இவற்றையெல்லாம் அவர் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் இவை ஒரு கேள்விக்குப் பின்னால் பிறந்தவை. மேடையில் ஒருவர் ஒரு காரியம் செய்கிறார். அவர் வேறு விதமாகவும் செய்திருக்கலாமே, ஏன் இப்படிச் செய்தார், எது அவரை இங்கே தள்ளியது? பார்வையாளர் இதைக் கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதுதான் பிரெக்டின் ஆசை. அந்தக் கேள்வி எழாத மேடையில் அட்டை வெறும் அட்டை.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, பிரதியை வாசிப்பது முதல் கடைசி ஒத்திகை வரை போகிறது. உதாரணத்துக்கு ‘மதர் கரேஜும் அவள் பிள்ளைகளும்’ நாடகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டுப் போர் ஒன்றில் சிப்பாய்களுக்குச் சாமான் விற்றுப் பிழைக்கும் ஒரு தாயின் கதை. பிரெக்டே இயக்கி, ஒவ்வொரு அசைவையும் படமெடுத்துக் குறிப்பெழுதி வைத்த நாடகம் இது. அவர் என்ன நினைத்தார் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

1. உங்கள் குழுவுக்கு ஏற்ற நாடகம்

முதல் முறையாகச் செய்பவர்கள் ‘மதர் கரேஜ்’ போன்ற பெரிய நாடகத்தில் கை வைக்க வேண்டாம். வாசிப்புக்கும் பயிற்சிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள், மேடைக்குச் சிறியது ஒன்றை எடுங்கள்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு ‘விதிவிலக்கும் விதியும்’ பொருந்தும். பாலைவனத்தில் ஒரு வியாபாரி, அவருக்குச் சுமை தூக்கும் ஒரு கூலியாள். தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது. கூலியாள் தன்னிடம் மிஞ்சியிருந்த தண்ணீர்க் குடுவையை வியாபாரியிடம் நீட்டுகிறார். கல்லால் அடிக்க வருவதாக எண்ணி வியாபாரி சுட்டுவிடுகிறார். நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது. இத்தனை கொடுமைப்பட்ட கூலியாள் அவரை வெறுத்திருக்கவே வேண்டும், ஆகவே அவர் பயந்தது நியாயம் என்பது தீர்ப்பு. இலங்கையில் தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் இதை ‘யுகதர்மம்’ என்ற பெயரில் மேடையேற்றியிருக்கிறது.

ஒரே ஒரு நடிகை நம்பிக்கையானவராக இருந்தால் நாஜி ஆட்சியைப் பற்றிய ‘மூன்றாம் ரைஹின் அச்சமும் அவலமும்’ தொகுப்பிலுள்ள ‘யூத மனைவி’ காட்சியை எடுக்கலாம். யூதப் பெண் ஒருத்தி பெட்டி கட்டுகிறாள், நண்பர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசுகிறாள், கணவனிடம் சொல்லப்போவதைத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறாள். கணவன் வந்ததும் அந்தப் பேச்சு எதுவும் வெளிவருவதில்லை. சில வாரம்தானே என்கிறான் அவன். சொல்லிக்கொண்டே, குளிர்காலத்தில் மட்டுமே தேவைப்படும் ரோமக் கோட்டை எடுத்து அவள் கையில் கொடுக்கிறான். பிரெக்ட் எப்படி யோசிக்கிறார் என்பதை அந்தக் கோட்டைப் போலச் சுருக்கமாகச் சொல்லித்தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இருபது பேருக்கு மேல் இருந்தால், பாட்டுக்காரர்களும் கிடைத்தால், ‘காகேசியச் சுண்ணக்கட்டி வட்டம்’ இருக்கிறது. 1967இல் ஹென்றி ஜயசேன இதைச் சிங்களத்தில் ‘ஹுணுவடயே கதாவ’ என்று மேடையேற்றினார். இலங்கையில் அதன் பாட்டுகள் தெரிந்தவர்கள் இன்றும் ஏராளம்.

தேர்வு முடிந்ததும் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. பிரெக்ட் 1956இல் இறந்தார், எனவே அவருடைய மூலப் பிரதிகளுக்கு இந்தியாவில் 2016 முடிவோடு உரிமை காலாவதியாகிவிட்டது. இலங்கையிலும் ஐரோப்பிய நாடுகளிலும் அது 70 ஆண்டு, அதாவது 2026 முடிவு வரை. நீங்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்ப்பாளரிடம் கேட்காமல் மேடையேற்றக் கூடாது. இசைக்கும் அப்படியே. ‘மதர் கரேஜுக்கு’ இசையமைத்த பவுல் டெஸ்ஸாவ் 1979 வரை வாழ்ந்தவர், அவர் மெட்டுகளுக்கு இந்தியாவிலும் இன்னும் உரிமை இருக்கிறது. சொந்த மெட்டுப் போடுவதே நல்லது. அது கலைக்கும் நல்லது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2. அவர் காலம்

குழு முழுவதும் ஒரு மாலை உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

பிரெக்ட் 1898 பிப்ரவரி 10 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்பா காகித ஆலையில் வேலைசெய்து மேலாளர் பதவிக்கு உயர்ந்தவர். முதல் உலகப்போரின் இறுதியில், மருத்துவ மாணவராக இருந்த பிரெக்ட், ஊரிலிருந்த ராணுவ மருத்துவமனையில் உதவியாளராக இருந்தார். அந்த நாட்களில் எழுதிய ‘செத்த சிப்பாயின் கதைப்பாட்டில்’, புதைத்த சிப்பாயைத் தோண்டியெடுத்து, தகுதிச் சான்று கொடுத்து, மறுபடி போருக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பாட்டைக் குழுவில் உரக்க வாசியுங்கள். பிற்காலத்து நாடகங்களின் விதை முழுவதும் இதில் கிடக்கிறது.

1922இல் மியூனிக்கில் ‘இரவில் முரசொலி’ அரங்கேறியது, அதே ஆண்டு கிளைஸ்ட் விருது கிடைத்தது. அந்த மேடையேற்றத்தில் அரங்கில் தொங்கிய வாசகம் ஒன்று, இப்படிக் கனவு கண்ணோடு வெறிக்காதீர்கள் என்று பார்வையாளருக்குச் சொன்னது. 1924இல் பெர்லின் போனார். 1928 ஆகஸ்ட் 31 அன்று ஷிஃப்பாவர்டாம் அரங்கில், குர்ட் வைல் இசையில் ‘மூன்று பென்னி ஆப்பரா’ வெளியாகி ஐரோப்பா முழுவதும் பரவியது. அதன் மூலமான 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகத்தைக் கண்டெடுத்து மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹாப்ட்மன். இந்தப் பெயரையும், மார்கரேட்டே ஸ்டெஃபின், ரூத் பெர்லாவ் ஆகியோரின் பெயர்களையும் உங்கள் நிகழ்ச்சித் தாளில் இடம் பார்த்துப் போடுங்கள். பிரெக்ட் என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் இந்தப் பெண்களின் உழைப்பு நிறைய இருக்கிறது, நெடுங்காலம் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரெக்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். மே மாதம் நாஜிகள் எரித்த புத்தகங்களில் அவருடையவையும் இருந்தன. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, கடைசியில் சோவியத் நாட்டைக் குறுக்காகக் கடந்து 1941இல் கலிபோர்னியா. மார்கரேட்டே ஸ்டெஃபின் காசநோய் முற்றி வழியில் மாஸ்கோவில் இறந்துபோனார். ‘கலிலியோ’, ‘மதர் கரேஜ்’, ‘செசுவானின் நல்ல பெண்’ எல்லாம் இந்த ஓட்டத்தின் நடுவே எழுதியவை. அரங்கும் நடிகர்களும் தன் மொழிப் பார்வையாளரும் இல்லாத ஒருவர் இவற்றை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1947 அக்டோபர் 30 அன்று அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு அவரைக் கம்யூனிஸ்டா என்று கேட்டது. மறுநாள் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். 1949இல் கிழக்கு பெர்லினில் மனைவி ஹெலன வைகலோடு சேர்ந்து பெர்லினர் என்சாம்பிள் குழுவைத் தொடங்கினார். 1953 ஜூன் 17இல் தொழிலாளர் எழுச்சியைக் கிழக்கு ஜெர்மன் அரசு ஒடுக்கியபோது, அரசு மக்களைக் கலைத்துவிட்டு வேறு மக்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே என்று கவிதை எழுதினார், ஆனால் அதைத் தன் வாழ்நாளில் வெளியிடவில்லை. ‘மூன்று பென்னி ஆப்பரா’ திரைப்படத்தில் நடித்த கரோலா நேயர் சோவியத் சிறையில் மடிந்தார். அவருக்காக பிரெக்ட் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. இதையும் குழுவில் பேசுங்கள். நாடகத்தில் வருபவர்களை எந்தக் கேள்வியோடு பார்க்கச் சொன்னாரோ, அதே கேள்வியோடு அவரையும் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

3. கதையை ஒவ்வொரு வாக்கியமாக எழுதுங்கள்

வேலை இங்கேதான் தொடங்குகிறது. பிரெக்டுக்கு நாடகத்தின் உயிர் கதைக்கோர்வையில் இருந்தது. யார் மனதில் என்ன உணர்ச்சி என்பதற்கு முன், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டே வாக்கியம் எழுதுங்கள். உணர்ச்சிச் சொற்கள் வேண்டாம். யார் யாருக்கு என்ன செய்தார், அதனால் எது மாறியது, அவ்வளவே. ‘மதர் கரேஜில்’ பிரெக்டே இதைச் செய்து காட்டுகிறார். முதல் காட்சியின் தலைப்பு, 1624 வசந்தத்தில் போலந்துப் போருக்காக ஸ்வீடனின் டலார்னா பகுதியில் ஆள் சேர்க்கிறார்கள் என்றும், சிப்பாய்களுக்குச் சாமான் விற்கும் அன்னா ஃபியர்லிங், அதாவது மதர் கரேஜ், ஒரு மகனைப் பறிகொடுக்கிறாள் என்றும் சொல்லிவிடுகிறது. மகன் போகப்போகிறான் என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அவர்கள் கவனம், போவானா மாட்டானா என்ற பதற்றத்திலிருந்து விலகி, எப்படிப் போகிறான் என்பதன் மேல் விழுகிறது. உணர்ச்சியில் மூழ்கடிக்காமல் கதையைச் சொல்லி யோசிக்கவைக்கும் அரங்கைக் காவிய அரங்கு என்றார் அவர். அதன் செயல்முறை இதுதான்.

முதல் காட்சியை எழுதிப் பார்த்தால் இப்படி வரும். ‘ஆள் பிடிப்பவன் மூத்த மகன் எய்லிஃபை ஆசை காட்டி ஒதுக்குப்புறம் அழைத்துப் போகிறான். தாய் அந்த நேரத்தில் சார்ஜெண்டுக்கு பெல்ட் பக்கிள் ஒன்றை விற்றுக்கொண்டிருக்கிறாள்.’ இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் எழுதினால், அது போரால் பிள்ளையை இழந்த ஒரு தாயின் கதை. அதைச் சேர்த்து எழுதினால், போரில் வியாபாரம் செய்து பிழைக்கும் ஒருத்தியின் கதை. குழுவில் நான்கு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கேதான் விவாதிக்க வேண்டியது இருக்கிறது.

4. முடிவெடுக்கும் நொடிகள்

எழுதி முடித்த கதையில், யாராவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்களை வட்டமிடுங்கள். பிரெக்ட் நடிகர்களுக்குச் சொன்னது: செய்வதைக் காட்டும்போது, செய்யாமல் விட்டதையும் சேர்த்துக் காட்டுங்கள். நடிகர் தன் பிரதியின் ஓரத்தில் எழுத வேண்டியது ‘அவள் இதைச் செய்யவில்லை, மாறாக அதைச் செய்கிறாள்’ என்ற வாய்பாடு.

மூன்றாம் காட்சி இதற்குப் பாடப்புத்தகம். இளைய மகன் ஸ்விஸ் சீஸ் படைப்பிரிவின் பணப்பெட்டியைக் காக்கிறவன். எதிரிகள் பிடித்துவிடுகிறார்கள். 200 கில்டர் கொடுத்தால் விடுவார்கள். கையில் பணமில்லை, வண்டியை அடகு வைக்க வேண்டும். வண்டி போனால் பிழைப்புப் போகும். 120 தருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறாள். முடியாது என்று பதில் வருகிறது. நேரம் ஓடுகிறது. கடைசியில் முழுத் தொகைக்கும் சம்மதித்து ஆளை ஓடவிடுகிறாள். பிறகு, ரொம்ப நேரம் பேரம் பேசிவிட்டேன் போலிருக்கிறது என்கிறாள். முரசு ஒலிக்கிறது.

இங்கே எத்தனை வட்டம் போட முடிகிறது என்று பாருங்கள். 200 என்று கேட்டதும் வரும் மௌனத்தில் ஒன்று. 120 என்று சொல்லும்போது ஒன்று. பதில் வந்த பிறகும் உட்கார்ந்து யோசிப்பதில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அவள் சரி என்று சொல்லியிருக்க முடியும், சொல்லாததற்கும் நியாயமான காரணம் உண்டு. வண்டியைக் கொடுத்துவிட்டு ஊமை மகளோடு எதைத் தின்பது? பேராசை பிடித்த தாய் என்று அவளை நடிப்பது தவறு. பாவம், நல்ல தாய் என்று நடிப்பதும் தவறு. அம்மாவாகவும் கடைக்காரியாகவும் ஒரே நொடியில் இருக்க வேண்டியிருப்பதுதான் அவள் சிக்கல். அந்த இரண்டையும் ஒரே உடலில் காட்ட முடிந்த நடிகைக்கு வேறு எந்த உத்தியும் தேவைப்படாது.

நான்காம் காட்சியைத் தனியே பயிற்சிக்கு வையுங்கள். அநியாயத்தைப் புகார் செய்ய அதிகாரியின் கூடாரத்துக்கு வெளியே காத்திருக்கிறாள் கரேஜ். பக்கத்தில் ஓர் இளம் சிப்பாய் கோபத்தில் குதிக்கிறான். உன் கோபம் நீண்டதா குட்டையா என்று அவனைக் கேட்கிறாள். அடங்கிப்போவதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறாள். அவன் போய்விடுகிறான். முறையிட இவள் முறை வரும்போது, புகார் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு இவளும் போய்விடுகிறாள். ஐந்து நிமிடக் காட்சி. ஒரு மனிதர் தன்னைத் தானே எப்படிச் சமாதானப்படுத்திக்கொள்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதியவர்கள் குறைவு.

5. கெஸ்டுஸ்: உடலில் தெரியும் உறவு

வட்டமிட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உடற்செயல் தேவை. பிரெக்ட் ‘கெஸ்டுஸ்’ என்று சொன்னது இதைத்தான்: ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே இருக்கும் சமூக உறவு, ஒரு நிலையில், ஒரு குரலில், ஒரு கையசைவில் கண்ணுக்குத் தெரிவது. நாயைக் கண்டு ஒருவன் பயந்து ஒதுங்குவது அச்சம் மட்டுமே. கிழிந்த உடை போட்டவனை மட்டும் காவல் நாய் குரைக்கிறது, அவன் ஒதுங்குகிறான் என்றால் அங்கே கெஸ்டுஸ் வந்துவிடுகிறது.

1949 ஜனவரி 11 அன்று பெர்லினில் அரங்கேறிய ‘மதர் கரேஜில்’ ஹெலன வைகல் செய்தவை உலக அரங்க வரலாற்றில் நிலைத்துவிட்டன. காசு கைக்கு வந்தால் பல்லால் கடித்துப் பார்ப்பார். இடுப்பில் தொங்கும் தோல் பையைத் திறந்து மூடும் ‘டப்’ ஒலி நாடகம் நெடுகத் திரும்பத் திரும்பக் கேட்கும். மகனைச் சுடும் ஓசை கேட்டபோது தலையைப் பின்னால் சாய்த்து வாயை முழுவதும் திறந்தார், சத்தமே வரவில்லை. கடைசிக் காட்சியில் மகள் காட்ரினின் பிணத்தைப் புதைக்க விவசாயிகளுக்குப் பணம் எண்ணுகிறார். எண்ணிய காசில் ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். அந்த ஒற்றைக் காசு போதும். அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எதையும் மறக்கவுமில்லை என்று அது சொல்லிவிடுகிறது.

இவற்றை நகலெடுக்க வேண்டாம். உங்கள் நடிகை காசு வாங்கும்போது என்ன செய்வார், எங்கே முடிச்சுப் போட்டு வைப்பார், யார் கண்ணில் படாமல் எண்ணுவார் என்று தேடுங்கள். கிடைத்ததும் அதை மூன்று நான்கு இடங்களில் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருமுறை வந்தால் பழக்கம் போலத் தோன்றும். மூன்றாவது முறை வரும்போது பார்வையாளர் அதற்காகக் காத்திருப்பார்கள்.

6. ஒத்திகைப் பயிற்சிகள்

மூன்று பயிற்சிகளை பிரெக்டே பரிந்துரைத்திருக்கிறார். வசனத்தைப் படர்க்கையில் பேசுவது ஒன்று. இறந்தகாலத்தில் பேசுவது இன்னொன்று. மேடைக் குறிப்புகளையும் சேர்த்து உரக்கச் சொல்வது மூன்றாவது. மூன்றையும் ஒரே நேரத்தில் கலக்கலாம். ‘நான் கொடுக்க மாட்டேன்’ என்ற வசனம், ‘அவள் எழுந்து நின்று, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்றாள்’ என்று மாறும்.

இதை ஒரு வாரமாவது விடாமல் செய்யுங்கள். முதலில் நடிகர்களுக்கு எரிச்சல் வரும், பாத்திரத்துக்குள் போக முடியவில்லை என்பார்கள். சில நாளில், தான் செய்வதைத் தானே கவனிக்கும் ஒரு நிதானம் குரலில் வந்து உட்காரும். அதன் பிறகு மூல வசனத்துக்குத் திரும்பினாலும் அந்த நிதானம் போகாது. கூத்துக் கலைஞர்கள் தாங்கள் ஏற்ற வேடத்தைப் படர்க்கையில் அறிமுகம் செய்து பாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் பழகியதாக இருக்கும். ஆனால் அந்த ஒற்றுமையைக் காரணம் காட்டி பிரெக்ட் நாடகத்துக்குக் கூத்து அடவுகளைப் பூசாதீர்கள். அவருக்குத் தூண்டுதல் தந்தது சீன மரபு. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் நடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்நியப்படுத்தல் (பழகியதைப் புதிதாகப் பார்க்கவைப்பது) பற்றிய தன் முக்கியமான கட்டுரையை எழுதினார்.

அடுத்தது தெருக்காட்சிப் பயிற்சி. சாலை விபத்து ஒன்றைப் பார்த்தவர், கூடி நிற்பவர்களுக்கு அதை நடித்துக் காட்டி விளக்குகிறார். ஓட்டுநர் இப்படித் திரும்பினார், நடந்து வந்தவர் அப்படிப் பார்த்தார் என்கிறார். அவர் யாராகவும் மாறிவிடுவதில்லை. யார் மேல் தவறு என்று கேட்பவர் முடிவு செய்யத் தேவையான அளவுக்கு மட்டும் காட்டுகிறார். காவிய அரங்குக்கு பிரெக்ட் கொடுத்த மாதிரி இதுதான். உங்கள் நடிகர் ஒவ்வொருவரும் தான் கண்ட ஒரு சண்டையையோ விபத்தையோ இப்படிக் காட்டட்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். பிறகு அதே தொனியில் மூன்றாம் காட்சியை ஓட்டிப் பாருங்கள்.

7. பாட்டு

பாட்டு வரும்போது நாடகம் நிற்க வேண்டும். வசனம் உணர்ச்சி மேலிட்டுப் பாட்டாக வழுக்கிப் போவது நமக்குச் சினிமா பழக்கிவிட்டது. பிரெக்ட் அதைத்தான் துண்டித்தார். 1949 மேடையேற்றத்தில் பாட்டுக்கு முன் முரசு, எக்காளம், கொடி, விளக்குகள் சேர்ந்த ஒரு சின்னம் மேலிருந்து இறங்கும். இப்போது பாட்டு என்று அது அறிவித்துவிடும். நடிகர் ஓரடி முன்னால் வருவது, வாத்தியக்காரர் பக்கம் திரும்பித் தலையசைப்பது போன்ற எளிய வழியும் போதும்.

சொல்லும் மெட்டும் ஒன்றோடொன்று முரண்படட்டும். துயரமான சொல்லுக்குத் துள்ளலான மெட்டு, பச்சையான சொல்லுக்கு இனிய மெட்டு. சொந்த மெட்டுப் போடச் சொன்னதற்கு இதுவும் காரணம். உங்கள் பார்வையாளருக்குப் பழகிய ஒரு சந்தத்தை எடுத்து எதிர்பாராத சொல்லை அதில் வைக்கும்போதுதான் காது விழிக்கும். பத்தாம் காட்சியில் தாயும் மகளும் வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு பண்ணை வீட்டைக் கடக்கிறார்கள். உள்ளே யாரோ தோட்டத்து ரோஜாவையும் கூரையின் கதகதப்பையும் பாடுகிறார்கள். இருவரும் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். காட்சியே அவ்வளவுதான். இந்த இடத்தில் பாடுபவர் கேட்பவர்களுக்காக உருகவே கூடாது. வீடு இருப்பவரின் நிம்மதியோடு பாட வேண்டும்.

8. மேடை, விளக்கு, பொருட்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சம் வெள்ளையாக, சீராக இருக்கட்டும். இரவுக் காட்சிக்கு நீல விளக்கு வேண்டாம். திரை வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கம்பியில் ஓடும் மெல்லிய துணி போதும், பின்னால் ஆட்கள் பொருள் மாற்றுவது தெரியட்டும். காட்சித் தலைப்பைத் திரையிடலாம், எழுதித் தொங்கவிடலாம், ஒருவர் வாசிக்கவும் செய்யலாம்.

பொருட்களில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பிரெக்டும் அவருடைய மேடை வடிவமைப்பாளர்களும் கைப்பொருட்களை அருங்காட்சியகத் தரத்தில் தேடினார்கள். கரண்டி உழைத்துத் தேய்ந்ததாக இருக்க வேண்டும், காலணி நடந்து கிழிந்ததாக இருக்க வேண்டும். மேடை காலியாக இருக்கலாம், கையிலிருக்கும் பொருள் பொய்யாக இருக்கக் கூடாது. ‘மதர் கரேஜில்’ வண்டிதான் எல்லாம். முதல் காட்சியில் சாமான் நிறைந்து, இரண்டு மகன்கள் இழுக்க வரும் வண்டி, கடைசியில் வெறுமையாக, அவள் ஒருத்தி இழுக்கும் வண்டியாகிறது. பன்னிரண்டு காட்சிகளுக்கும் வண்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் நாடகத்தின் பொருளாதாரம்.

9. பார்வையாளர் அழுதால்

பிரெக்ட் உணர்ச்சியைத் தடை செய்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி நம்பி மரக்கட்டை போல நடித்த மேடையேற்றங்கள் பல. பதினோராம் காட்சியை வாசித்தவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

1636 ஜனவரி. பேரரசின் படை ஹாலே நகரைத் தூக்கத்தில் பிடிக்க வந்திருக்கிறது. ஊருக்கு வெளியே பண்ணை வீட்டு விவசாயிகள், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, நாம் கொஞ்சம் பேர்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மண்டியிட்டு வேண்டுகிறார்கள். ஊமையான காட்ரினையும் வேண்டச் சொல்கிறார்கள். ஊருக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது வேண்டுதலினூடே அவள் காதில் விழுகிறது. முரசை எடுத்துக்கொண்டு கூரையேறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்குகிறாள். சிப்பாய்கள் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், மரம் வெட்டிச் சத்தத்தை அமுக்கப் பார்க்கிறார்கள், வண்டியை உடைப்போம் என்கிறார்கள். அவள் நிறுத்தவில்லை. சுடுகிறார்கள். சற்று நேரத்தில் நகரத்துப் பீரங்கி முழங்குகிறது. ஊர் விழித்துவிட்டது.

இந்தக் காட்சியில் அரங்கம் கலங்கும். கலங்கட்டும். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, விவசாயிகளின் வேண்டுதல் அவசரமாக ஓடிவிடக் கூடாது. அது தெளிவாக, ஒரு சடங்கின் ஒழுங்கோடு நடக்க வேண்டும். முடியாது என்று சொல்பவர்களும், முடியாத உடலோடு செய்பவளும் ஒரே பார்வையில் பட வேண்டும். காட்ரினை வீராங்கனையாக்கி உயர்த்தாதீர்கள். பயத்தில் நடுங்கும் கையால் முரசடிக்கட்டும். பயந்துகொண்டே செய்கிறாள் என்றால்தான், மற்றவர்களும் செய்திருக்கலாம் என்ற எண்ணம் வரும்.

பிரெக்ட் கவலைப்பட்டது வேறு வகை அழுகையைப் பற்றி. 1941இல் சூரிச்சில், தெரேசா கீஸ நடிப்பில் இந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது, கரேஜை எதையும் தாங்கும் தாய்மையின் உருவமாகப் பலர் போற்றினார்கள். வியாபாரி மறைந்து தாய் மட்டும் நின்றாள். அதன் பிறகு பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். பழைய பிரதியில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் தன் சரக்குச் சட்டைகளை அவளே கிழித்துக் கொடுத்தாள். புதியதில் தர மறுக்கிறாள், பாதிரியார் அவளை ஒதுக்கிவிட்டு எடுக்கிறார். முதல் காட்சியின் பக்கிள் பேரமும் திருத்தத்தில் வந்ததே. கைக்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பு எந்தப் பிரதியிலிருந்து செய்தது என்பதை இந்த இரண்டு இடங்களை வைத்தே கண்டுகொள்ளலாம்.

முடிவில் கரேஜ் திருந்த வேண்டாமா என்று நாடகாசிரியர் ஃபிரீட்ரிஹ் வோல்ஃப் கேட்டார். அவள் எதையும் கற்காவிட்டாலும், அவளைப் பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்ள முடியும் என்பது பிரெக்டின் பதில். எனவே கடைசிக் காட்சியில் உங்கள் நடிகையின் கண்ணில் ஞானோதயத்தைத் தேடாதீர்கள்.

10. பொது ஒத்திகையும் வேகமும்

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே, நாடகக்காரர் அல்லாத சிலரை ஒத்திகைக்கு அழையுங்கள். கடை வைத்திருப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முடிந்ததும், பிடித்ததா என்று கேட்காதீர்கள். ‘மூன்றாம் காட்சியில் அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் எப்போது ஒத்துக்கொண்டிருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால் காட்சி வேலை செய்கிறது. ‘பாவம் அந்த அம்மா’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னால், நான்காம் படிக்குத் திரும்பிப் போய் வட்டங்களைப் பாருங்கள். ஒத்திகைகளைப் படமெடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு படம் சுவரில் ஒட்டுங்கள். பெர்லினில் ரூத் பெர்லாவ் எடுத்த படங்களைக் கொண்டுதான் பிரெக்ட் தன் மாதிரிப் புத்தகங்களைச் செய்தார். சத்தமில்லாத படத்தில் யார் யாருக்கு என்ன செய்கிறார் என்று புரியவில்லை என்றால் அந்த இடத்தின் நிலைகள் சரியில்லை.

கடைசி வாரத்தை வேகத்துக்கு ஒதுக்குங்கள். இத்தனை யோசித்துச் செய்த நாடகம் கனத்துப்போக வாய்ப்பு அதிகம், நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி எடைபோடுவார்கள். பெர்லினர் என்சாம்பிள் 1956 ஆகஸ்டில் லண்டன் கிளம்பும் முன், பிரெக்ட் நடிகர்களுக்காக ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினார். அங்கே பெரும்பாலோருக்கு ஜெர்மன் தெரியாது, ஜெர்மன் கலை என்றாலே கனமானது, மெதுவானது என்று ஒரு பயம் அவர்களுக்கு உண்டு. ஆகவே நம் நடிப்பு விரைவாக, லேசாக, வலுவாக இருக்க வேண்டும், விரைவு என்றால் ஓடுவது மட்டுமல்ல, விரைந்து யோசிப்பதும்தான் என்று அதில் சொன்னார். எழுதியது ஆகஸ்ட் 5. ஆகஸ்ட் 14 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். குழு அவர் இல்லாமலே லண்டன் போய் ‘மதர் கரேஜையும்’ ‘காகேசியச் சுண்ணக்கட்டி வட்டத்தையும்’ நடித்துக் காட்டியது. முழு நாடகத்தையும் ஒருமுறை, அசைவு எதையும் குறைக்காமல், வசனத்தை மட்டும் இரட்டை வேகத்தில் ஓட்டுங்கள். எங்கே நாக்குத் தடுக்குகிறதோ, அங்கே நடிகருக்கு எண்ணம் இன்னும் தெளியவில்லை. அந்த வரிகளை மட்டும் எடுத்து மறுநாள் காலை உட்காருங்கள்.